பட்டறைக் கேள்விகள்: மூன்று மில்லிமீட்டர் இன்கோனல்

கார்பன் ஸ்டீல் சாமான்களை அரிப்பு தாக்காமல் இருக்க, அவற்றின் மேல் இன்கோனல் 625 போன்ற நிக்கல் கலவையை வெல்டிங்கில் படியவைக்கும் ‘ஓவர்லே’ வேலையைப் பற்றியே இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

ஐயா, கார்பன் ஸ்டீல் நாசில்களின் (கலனின் குழாய் வாய்களின்) உள்பக்கம் 625 ஓவர்லே போடும் ஆர்டர் எடுத்தோம். டிராயிங்கில் முடிந்த தடிமன் 3 மி.மீ., மேற்பரப்பில் இரும்பு 5 சதவீதத்துக்குள் என்று இருக்கிறது. சர்டிபிகேட்டோடு வந்த ராடுதான். கையால் இரண்டு லேயர் போட்டு லேத்தில் கடைந்தோம். உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் பி.எம்.ஐ. கன் வைத்தால் இரும்பு 9 சதவீதம் காட்டுகிறது. பார்ட்டி வேலையைத் திருப்பிவிட்டார். ராடு சப்ளையர் ஏமாற்றிவிட்டாரா?
— பட்டறை உரிமையாளர், துவாக்குடி

சப்ளையரோடு சண்டைக்குப் போகும் முன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுங்கள்.

ஆர்க் பிடிக்கும்போது ராடு மட்டுமா உருகுகிறது? கீழே இருக்கும் எஃகும் உருகி மேலே வந்து கலக்கிறது. இந்தக் கலப்புக்குத்தான் டைல்யூஷன் என்று பெயர். கையால் போடும் ராடு வேலையில் இது 20-லிருந்து 30 சதவீதம் வரை சாதாரணமாகப் போகும். உங்கள் ஆட்கள் 30-ல் இருந்தார்கள் என்று வையுங்கள். ராடில் இரும்பு அரை சதவீதம், கீழே இருக்கும் எஃகில் 98 சதவீதம். முதல் லேயரில் இரும்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் வந்துவிடும். இரண்டாவது லேயர் அந்த முதல் லேயரை உருக்கிக்கொண்டு வரும். 30-ல் 30 சதவீதம் என்றால் 9. உங்கள் கன் காட்டிய எண் அதுதான். கன்னும் பொய் சொல்லவில்லை, சப்ளையரும் பொய் சொல்லவில்லை.

மோர் குடித்த டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் முதல் தண்ணீர் வெள்ளையாக இருக்கும், இரண்டாவதில் லேசாகத் தெரியும், மூன்றாவதில் தெரியாது. அதே கணக்கு. அப்படியென்றால் மூன்றாவது லேயர் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். மூன்றாவதில் இரும்பு 3 சதவீதம்தான் வரும், உண்மை. ஆனால் உங்கள் டிராயிங்கைத் திரும்பப் பாருங்கள். முடிந்த தடிமன் 3 மி.மீ. ராடில் ஒரு லேயரே இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் ஏறும். நீங்கள் ஆசையாகப் போட்ட மூன்றாவது லேயரை முழுக்க லேத் சீவி எடுத்துவிடும். கடைசியில் அளவுக்கு வரும்போது மேற்பரப்பில் நிற்பது பழைய இரண்டாவது லேயர்தான், சில இடத்தில் முதல் லேயரே தலைகாட்டும். எத்தனை லேயர் போட்டோம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. எஃகிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் என்ன உலோகம் கிடக்கிறது, அதுதான் கேள்வி.

வழிகள் இருக்கின்றன. முதலாவது, முறையை மாற்றுவது. கம்பியைச் சூடாக்கி ஊட்டும் ஹாட் வயர் டிக் வெல்டிங்கில் டைல்யூஷனை 8 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். முதல் லேயரில் இரும்பு 8, இரண்டாவதில் ஒன்று. லேயரும் மெல்லியதாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் 3 மி.மீ. உயரத்தில் இரண்டாவது லேயர் பத்திரமாக நிற்கும். பல்ஸ் மிக் வெல்டிங் மெஷின் வைத்திருந்தாலும் முயற்சி செய்யலாம். இரண்டாவது வழி, நாசிலின் எஃகை இன்னும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழமாகக் கடைந்துவிட்டு ஓவர்லேயின் தடிமனைக் கூட்டுவது. இதற்கு டிசைன் ஆட்களின் கையெழுத்து வேண்டும். எஃகின் தடிமன் குறைகிறது, பிரஷரைத் தாங்குவது அதுதான். நீங்களாக எதையும் செய்துவிடாதீர்கள்.

ராடிலேயே தொடர்வதாக இருந்தால் ஆம்பியரைக் குறையுங்கள், ஒவ்வொரு பீடும் (ஒரே ஓட்டத்தில் படியும் வரி) முந்தைய பீடின் மேல் பாதி ஏறி உட்காரட்டும், ஆர்க்கை எஃகைப் பார்த்துக் காட்டாமல் முந்தைய பீடின் விளிம்பைப் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். இது ஒன்றிலேயே டைல்யூஷன் நன்றாக இறங்கும். பெரும்பாலான வெல்டர்கள் பழக்கத்தில் ஆர்க்கை எஃகுப் பக்கம்தான் சாய்ப்பார்கள். நல்லா ஊன்றிப் பிடிக்க வேண்டும் என்று பைப் வேலையில் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். இந்த வேலைக்கு அந்தக் கை ஆகாது.

இன்னும் இரண்டு விஷயம். சர்டிபிகேட்டை எடுத்து இரும்பு என்ற கட்டத்தைப் பாருங்கள். 625 ராடுக்கான அமெரிக்க வெல்டிங் சொசைட்டி விதி, அதாவது இ-என்.ஐ.சி.ஆர்.எம்.ஓ-3, இரும்பை 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது. விதிப்படி சுத்தமான ராடே உங்கள் 5-ஐத் தாண்டலாம்! வாங்கும்போதே இரும்பு ஒன்றுக்குள் வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். அப்புறம், கன் படிப்பது மேலே இருக்கும் மெல்லிய தோலை மட்டும். கார்பன் ஸ்டீல் தேய்த்த அதே கிரைண்டிங் டிஸ்கால் இதையும் தேய்த்திருந்தால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிக் காட்டும். புது டிஸ்கால் தேய்த்து, அசிடோனால் துடைத்து, இன்னொரு தடவை படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

பார்ட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எண்ணெய்க் கிணற்றுச் சாமான்களுக்கான ஏ.பி.ஐ. 6ஏ தரத்தில் எஃப்.ஈ.5, எஃப்.ஈ.10 என்று இரண்டு வகை உண்டு. இரும்பு 5-க்குள், 10-க்குள். உங்கள் சாமான் போகிற இடத்துக்கு 10 போதுமென்றால் 9 பாஸ். ஆனால் ஆர்டரில் 5 என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது கெஞ்சுவது சங்கடம்தான். இந்தக் கேள்வியை நீங்கள் விலை சொன்ன அன்றே கேட்டிருக்க வேண்டும்.

முழு வெசலையும் (அழுத்தக் கலனையும்) இன்கோனலிலேயே செய்துவிட்டால் என்ன? ஏன் இந்த ஒட்டு வேலை?
— டிப்ளமோ மாணவர், கோயம்புத்தூர்

காசு, தம்பி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2 மீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளம், 25 மி.மீ. தடிமன் உள்ள ஷெல். உள்பரப்பு சுமார் 37.7 சதுர மீட்டர். 625-இன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.44 கிராம். முழுக்க அதிலேயே செய்தால் கிட்டத்தட்ட 8 டன் போகும். 3 மி.மீ. ஓவர்லே மட்டும் என்றால் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே இருக்கும் அமிலத்தோடு மல்லுக்கட்ட 3 மி.மீ. போதும்; பிரஷரைத் தாங்க எஃகு இருக்கிறது. ஆளுக்கொரு வேலை.

பெரிய பரப்பு என்றால் ஓவர்லேக்குப் பதிலாக கிளாட் பிளேட்டாகவே, அதாவது ஏற்கெனவே நிக்கல் ஒட்டிய எஃகுத் தகடாகவே, வாங்கலாம். எஃகோடு சேர்த்து ரோலிங் செய்தும் வரும், வெடிமருந்து வைத்து இரண்டு தகட்டையும் ஒன்றோடொன்று அறைந்து ஒட்டியும் வரும். வெடிவைத்து ஒட்டுவதா என்று சிரிக்காதீர்கள், அருமையான ஒட்டு அது. பட்டறையிலேயே பெரிய பரப்பை மூட வேண்டுமானால் கம்பிக்குப் பதிலாக ரிப்பனை ஓட்டுவார்கள். 60 மி.மீ. அகலம், அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டை. எலக்ட்ரோஸ்லாக் முறையில் ஓட்டும்போது ஆர்க்கே இருக்காது. உருகிய ஸ்லாக் கசடின் சூட்டிலேயே பட்டை உருகும். எஃகை ஆழமாகக் குடையாததால் டைல்யூஷன் 10 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். வாய்ப்புக் கிடைத்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஆர்க் வெளிச்சமே இல்லாமல் ஒரு வெல்டிங் நடப்பதைப் பார்க்கலாம்.

நாசில், பிளாஞ்ச் முகம் போன்ற வளைவு நெளிவுகளில் கிளாட் பிளேட் உட்காராது. அங்கே ஓவர்லேயை விட்டால் கதியில்லை.

கூடுதலாக ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 625 பிறந்ததே அரிப்புக்காக அல்ல. மிக உயர்ந்த அழுத்தத்தில் ஓடும் மின் நிலையங்களின் நீராவிக் குழாய்க்காக அமெரிக்காவில் இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனி ஆராய்ந்து எடுத்த கலவை அது. பேட்டன்ட் கிடைத்தது 1964-இல். அந்தக் குழாய் வேலையைவிடக் கடல் நீரும் அமிலமும்தான் அதற்குப் பேர் வாங்கித் தந்தன.

எங்கள் ரிஃபைனரியில் ஒரு டிரம்முக்கு 309 ஸ்டெயின்லெஸ் ஓவர்லே போட்டால் போதும் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார். விலை பாதிகூட வராதாம். நிக்கல்தான் வேண்டுமா?
— பராமரிப்புப் பொறியாளர், மணலி

உள்ளே என்ன ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லையே! அதைச் சொல்லாமல் எந்தக் கான்ட்ராக்டர் சொல்வதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், என்னையும் சேர்த்து.

குளோரைடு கலந்த ஈரம், கூடவே 60 டிகிரிக்கு மேல் சூடு என்றால் 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் விரிசல் விடும். குழி குழியாகவும் அரிக்கும். குழி அரிப்பைத் தாங்கும் திறனைக் குரோமியம், மாலிப்டினம், நைட்ரஜன் அளவிலிருந்து ஒரு எண்ணாகக் கணக்கிடுவார்கள். 316-க்கு அது 24 அளவில் வரும், 625-க்கு 50-ஐத் தாண்டும். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் குரூடு டவரின் உச்சியில் இந்தத் தொல்லை தெரிந்ததுதான்: எண்ணெயோடு வரும் உப்புகள் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆகின்றன, மேலே போய் முதல் துளி நீர் திரளும் இடத்தில் அது அமிலமாகிறது. அந்தப் பகுதிக்கு மோனெல் (நிக்கலும் செம்பும் சேர்ந்த கலவை) லைனிங் போடுவது பல காலமாக இருக்கும் வழக்கம்.

சூட்டில் நீள்வதையும் பாருங்கள். கார்பன் ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் அளவு நீளும். 625 கிட்டத்தட்ட 13. ஸ்டெயின்லெஸ்ஸோ 16, 17. டிரம் அடிக்கடி சூடாகி ஆறுவதாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஓவர்லே எஃகோடு ஓயாமல் இழுபறி செய்துகொண்டே இருக்கும். நிக்கல் எஃகோடு சேர்ந்தே நகரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா இடத்துக்கும் நிக்கல் என்று ஓடிவிடாதீர்கள். ஹைட்ரஜனோடு கந்தகம் நீக்கும் பெரிய ரியாக்டர்களின் உள்ளே 309, 347 ஸ்டெயின்லெஸ் ஓவர்லேதான் உலகம் முழுக்க ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. மறுபக்கம், ஆக்சிஜன் குறைந்த, கந்தகம் நிறைந்த கடும் சூட்டு வாயுவில் நிக்கலுக்குத்தான் ஆபத்து. நிக்கலும் அதன் சல்பைடும் சேர்ந்தால் 640 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அங்கே விலை கூடிய உலோகம் முதலில் போகும்.

அண்ணே, ஜுபைலில் ஓவர்லே வேலை செய்கிறேன். இன்கோனல் ராடு பிடித்தால் உருகிய உலோகம் ஓடவே மாட்டேன் என்கிறது. ஆம்பியரைக் கூட்டினால் கொஞ்சம் ஓடுகிறது, ஆனால் விரிசலைச் சாயத்தால் காட்டும் டி.பி. டெஸ்டில் பீடு முடியும் இடத்தில் நட்சத்திரம் மாதிரி சிவப்பாகக் காட்டுகிறது. ஃபோர்மேன் திட்டுகிறார்.
— வெல்டர், சவுதி அரேபியா

ஆம்பியரை முதலில் இறக்குங்கள் தம்பி. இன்கோனல் அப்படித்தான், தேன் மாதிரிகூட ஓடாது. கார்பன் ஸ்டீலில் ஓரங்களுக்கு அதுவாகப் போய்ச் சேரும். இதில் நீங்கள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். ராடை லேசாக ஆட்டலாம், ராடின் விட்டத்தைப் போல இரண்டு, மூன்று மடங்குக்கு மேல் அகலம் வேண்டாம். ஓடவில்லை என்று சூட்டைக் கூட்டினால் இரண்டு கெடுதல்: டைல்யூஷன் ஏறும், விரிசலும் ஏறும்.

நீங்கள் சொல்லும் நட்சத்திரம் கிரேட்டர் விரிசல். ராடைச் சட்டென்று தூக்கினால் கடைசிக் குழி சுற்றிலும் இருந்து உறைந்து, நடுவில் மிச்சமிருக்கும் திரவத்தை ஆளாளுக்கு இழுத்துப் பிளந்துவிடும். முடிக்கும்போது ஒரு கணம் நின்று, கொஞ்சம் பின்னால் வந்து, குழியை நிரப்பி, பீடின் மேலேயே ஆர்க்கை அணையுங்கள். அடுத்த ராடு ஆரம்பிக்கும் முன் அந்த முனையைக் கிரைண்டரால் ஒரு தட்டுத் தட்டுங்கள்.

லேயருக்கு லேயர் கருப்புப் படலத்தைச் சுத்தமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். சும்மா பிரஷ் போட்டால் பளபளக்குமே தவிரப் போகாது. நிக்கல் ஆக்சைடு உருக 1,950 டிகிரி வேண்டும், உங்கள் இன்கோனல் 1,350-லேயே உருகிவிடும். படலம் உருகாமல் அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். அடுத்த பீடு போடுமுன் அந்த இடத்தின் சூடு 150 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டை அளக்கும் சாக்பீஸ் வைத்திருப்பார்கள், வாங்கி வையுங்கள். அந்த சாக்பீஸாக இருந்தாலும் மார்க்கர் பேனாவாக இருந்தாலும் வெல்டிங் போகும் பாதையில் எழுதக் கூடாது. கந்தகம், ஈயம், பாஸ்பரஸ் கொஞ்சம் பட்டாலும் நிக்கல் விரிசல் விடும். கிரீஸ் கையுறை, பெயின்ட், லேத்தில் ஊற்றிய கட்டிங் ஆயில் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். அசிடோன் போட்டுத் துணியால் துடைக்கும்போது துணி கருப்பாக வருகிறதா என்று பாருங்கள். கருப்பு வருவது நிற்கும் வரை துடைத்துக்கொண்டே இருங்கள்.

ஃபோர்மேன் திட்டுவதற்கு என்னிடம் மருந்து இல்லை.

625 ஓவர்லே போட்டு முடித்தபின் சாமானை ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உள் இறுக்கம் தளர அடுப்பில் சூடேற்றுவது) செய்யலாமா? நிக்கல் கெட்டுவிடாதா?
— தரக் கட்டுப்பாட்டு அலுவலர், இராணிப்பேட்டை

சூடு வேண்டும் என்று கேட்பது கீழே இருக்கும் எஃகு. நிக்கலுக்கு அது தேவையில்லை. சாதாரண கார்பன் ஸ்டீலாக இருந்து, தடிமனும் விதிநூலும் வற்புறுத்தாவிட்டால், விட்டுவிடலாம். ஹைட்ரஜன் சல்பைடு வரும் சாமான் என்றால் வெல்டிங்கை ஒட்டிய எஃகுப் பகுதியின் கடினம் 250 விக்கர்ஸைத் தாண்டக் கூடாது. டெஸ்ட் பீஸை அறுத்து, ஓவர்லேயின் எல்லைக்கோட்டுக்கு அடியில் அளந்து பாருங்கள். தாண்டினால் ஸ்ட்ரெஸ் ரிலீவ் வேண்டும். 4130, 8630 போன்ற கலவை எஃகுகளுக்கு அது இல்லாமல் முடியாது.

600 டிகிரிக்கு மேல் நிறைய மணி நேரம் வைத்தால் 625-க்குள் நுண்ணிய படிவங்கள் உருவாகி அது கெட்டியாகும், வளையும் தன்மை குறையும். அதைவிடக் கவலை எல்லைக்கோட்டில்தான். எஃகிலிருந்து கார்பன் நகர்ந்து நிக்கல் பக்க ஓரத்தில் போய்க் குவியும். கடலடிச் சாமான்களில் துருப்பிடிக்காமல் இருக்க மின்முறைப் பாதுகாப்புக் கொடுப்பார்கள். அதனால் உண்டாகும் ஹைட்ரஜன் இந்தக் கோட்டிலேயே நுழைந்து பிளந்த கதைகள் உண்டு. எத்தனை மணி நேரம் தேவையோ அத்தனை மட்டும் கொடுங்கள். ரிப்பேருக்காக இரண்டாம் தடவை அடுப்பில் போக நேரலாம் என்பதையும் கூட்டி, அந்த மொத்த மணி நேரத்துக்கு பி.க்யூ.ஆர். (வெல்டிங் முறையைச் சோதித்த பதிவு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்லேயில் ஒரு சின்னத் துளை இருந்தால் என்ன? பிரஷர் தாங்குவது எஃகுதானே. விட்டுவிடலாம் என்று சீனியர் சொல்கிறார்.
— இளம் இன்ஸ்பெக்டர், காரைக்கால்

பிரஷர் தாங்குவது எஃகுதான், அதனால்தான் விடக் கூடாது. ஓவர்லேயே இல்லாத எஃகு பரவலாக, மெதுவாகக் கரையும். சுற்றிலும் பல சதுர மீட்டர் நிக்கல், நடுவில் ஊசிமுனை அளவு எஃகு என்றால், அந்த மொத்த நிக்கலும் மின்கலத்தின் கேத்தோடு போல நின்று அந்த ஒரு புள்ளியைக் கரைக்கும். மேலே துளை ஊசிமுனையாகவே இருக்கும், அடியில் குகை ஆகிவிடும். அரைகுறை ஓவர்லே, ஓவர்லே இல்லாததைவிட மோசம்.

ஓவர்லேக்குக் கீழே எஃகு காணாமல் போனால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம் ஒரு பாடம். 2002 மார்ச்சில், ரியாக்டர் மூடியில் அன்னாசிப்பழம் அளவுக்குப் பள்ளம் இருப்பதைக் கண்டார்கள். 16 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள எஃகை போரிக் அமிலம் வெளிப்பக்கத்திலிருந்து முழுக்கத் தின்றுவிட்டது. 150 பாரை ஒட்டிய அழுத்தத்தைத் தாங்கி நின்றது, உள்பக்கம் போட்டிருந்த மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஓவர்லே ஒன்றுதான். லேசாகப் புடைத்திருந்தது, கிழியவில்லை. ஓவர்லே போட்ட அந்த வெல்டர்களுக்கு யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்களா தெரியாது. ஆனால் அமிலம் கசிந்ததே நிக்கல் கலவையான 600-இல் செய்த நாசிலில் விழுந்த விரிசல் வழியாகத்தான். நிக்கல் என்றால் விரிசலே விடாது என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள். அதற்குப் பின் அந்தத் துறையில் குரோமியம் கூடிய 690 கலவைக்கும், அதற்கு இணையான 52 வகைக் கம்பிக்கும் மாறினார்கள்.

துளையைக் கண்டுபிடிக்க டி.பி. டெஸ்ட். ஓவர்லே காந்தத்துக்குப் பிடிகொடுக்காது, ஆகவே காந்தத்தால் விரிசல் தேடும் எம்.பி.ஐ. உதவாது. ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க யு.டி., அதாவது மீயொலிச் சோதனை. அப்புறம் நம் பட்டறைகளின் பழைய கைமருந்து ஒன்று: மயில்துத்தம். தண்ணீரில் கரைத்து, சந்தேகப்படும் இடத்தில் பஞ்சால் தடவுங்கள். எஃகு வெளியே தெரிகிற இடத்தில் நொடியில் செம்பு படிந்து சிவக்கும். நிக்கல் மேல் ஒன்றும் ஆகாது. லேத்தில் ஓவர்லேயைத் தாண்டிக் கடைந்துவிட்டார்களா என்று பார்க்க இதைவிட மலிவான கருவி கிடையாது. பார்த்ததும் நன்றாகக் கழுவிவிடுங்கள், செம்பு படிந்த இடத்தைத் தேய்த்து எடுக்காமல் மேலே வெல்டிங் போடக் கூடாது.

ரிப்பேர் செய்யும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. எஃகு மேல் நிக்கல் கம்பி போடலாம். நிக்கல் மேல் கார்பன் ஸ்டீல் ராடு போடவே கூடாது. போட்டால் கடினமாகி வெடிக்கும்.

625 ஓவர்லே போட்ட பிளாஞ்ச் கடையும்போது வெட்டுமுனை டிப் டிப்பாகத் தீர்கிறது. என்ன செய்யலாம்?
— லேத் ஆபரேட்டர், அம்பத்தூர்

பயந்து பயந்து சீவுகிறீர்கள். இந்த உலோகம் தேய்க்கத் தேய்க்கக் கெட்டியாகும். மெல்லியதாக எடுத்தால் முந்தைய வெட்டு கெட்டியாக்கி வைத்த தோலிலேயே டிப் உரசிக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறையுங்கள், ஃபீடை (டிப் முன்னேறும் அளவை) குறைக்காதீர்கள், அந்தத் தோலுக்கு அடியில் டிப் போகும்படி ஆழம் கொடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். கூர்மையான கார்பைடு டிப், தாராளமாகக் கூலன்ட். முதல் சீவலில் பீடுகளின் மேடு பள்ளத்தில் டிப் அடிவாங்கத்தான் செய்யும்; அதற்கு ஒரு பழைய டிப்பைப் பலி கொடுங்கள்.

ஹார்ட்ஃபேசிங்கும் ஓவர்லேயும் ஒன்றுதானே?
— வாசகர், செங்கல்பட்டு

வெல்டிங்கில் படியவைப்பது வரை ஒன்று. ஒன்று தேய்மானத்துக்கு, மற்றது அரிப்புக்கு. ஹார்ட்ஃபேசிங்கில் பல இடங்களில் கோபால்ட் கலந்த ஸ்டெல்லைட் போடுவார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கல்பாக்கத்தில், வேக ஈனுலை என்ற அணு உலைக்கு அதைத் தவிர்த்துவிட்டு நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கொல்மொனாயைத் தேர்ந்தெடுத்தார்கள். கோபால்ட், நியூட்ரான் பட்டால் கோபால்ட்-60 ஆகிக் கதிர்வீசும். அப்புறம் பராமரிப்புக்கு ஆள் பக்கத்தில் போக முடியாது.

என் கணவர் அபுதாபியில் பெரிய தொட்டிகளுக்குள் உட்கார்ந்து இன்கோனல் வெல்டிங் செய்கிறார். போனில் பேசும்போது இருமிக்கொண்டே இருக்கிறார். ஒன்றும் இல்லை என்கிறார். பயப்பட வேண்டுமா?
— வாசகி, பெரம்பலூர்

அம்மா, இருமல் எதனால் என்று நான் சொல்ல முடியாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்றால் அங்கேயே காட்டச் சொல்லுங்கள். என்ன உலோகத்தில் வேலை என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வெறுமனே ‘வெல்டர்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள், அது போதாது. இன்கோனல் புகையில் நிக்கலும், ஆறு இணைதிறன் உள்ள குரோமியமும் இருக்கும். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-இல் முதல் வகையில் சேர்த்தது. இருமுகிறவர் எல்லாருக்கும் அது என்று அர்த்தமில்லை. ஆனால் ‘ஒன்றும் இல்லை’ என்று விடக்கூடிய புகையும் இல்லை.

அவரிடம் இவற்றைக் கேளுங்கள். வெல்டிங் செய்யும் இடத்துக்கு ஒரு முழம் தூரத்தில் புகையை இழுக்கும் ஹோஸ் வைத்திருக்கிறார்களா? தொட்டியின் வாயில் ஒரு ஃபேன் மட்டும் சுற்றினால் போதாது. முகமூடி துணியா, ஃபில்டர் உள்ளதா? காற்று ஊதும் ஹெல்மெட் கேட்டால் தருகிறார்களா? ஓவர்லே வேலைக்குத் தருவது பெரிய கம்பெனிகளில் வழக்கம்தான், கேட்பதில் வெட்கமில்லை. டிக் வேலை என்றால் இன்னொன்று முக்கியம். அதில் பயன்படும் ஆர்கான் வாயு காற்றைவிட கனமானது, வாசனை கிடையாது, தொட்டியின் அடியில் தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். மயக்கம் வருமுன் எந்த அறிகுறியும் தெரியாது. சாப்பாட்டுக்குப் போகும்போது டார்ச்சை உள்ளேயே விட்டுவிட்டுப் போய், வால்வு கசிந்து, திரும்பி இறங்கியவர் அப்படியே சரிந்த விபத்துகள் உண்டு. ஒவ்வொரு தடவை இறங்கும் முன்னும் ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பழைய இரும்பு வியாபாரம். ‘உள்ளே இன்கோனல் இருக்கிறது’ என்று ஒருவர் பெரிய பைப் துண்டு கொண்டுவந்தார். காந்தம் வைத்தேன், பட்டென்று ஒட்டியது. ஏமாற்றுகிறாரா?
— அரியமங்கலம், திருச்சி

உள்பக்கம் வைத்தீர்களா, வெளிப்பக்கம் வைத்தீர்களா? எப்படி வைத்தாலும் ஒட்டும். 3 மி.மீ. இன்கோனலைத் தாண்டிப் பின்னால் இருக்கும் எஃகு காந்தத்தை இழுக்கும். பிடிப்பு கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். அறுத்த விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். துருவேறாத வெள்ளைக் கோடு ஒன்று உள்பக்க ஓரமாக ஓடும், அடுத்தடுத்த பீடுகள் எஃகில் இறங்கிய இடமெல்லாம் அலை அலையாக. மயில்துத்தம் தடவினால் எஃகு மட்டும் சிவந்து, கோடு தனியாகத் தெரியும். எந்தக் கலவை என்று உறுதியாகத் தெரிய எக்ஸ்-ரே கன் வைத்திருக்கும் ஆளிடம் ஒரு புள்ளி பார்த்துவிடுங்கள்.

625-ஆக இருந்தால் ஒரு சதுர மீட்டர் உள்பரப்பில் சுமார் 25 கிலோ ஓவர்லே, அதில் நிக்கல் மட்டும் 15 கிலோ அளவில் இருக்கும். எஃகிலிருந்து பிரிப்பதுதான் பாடு. அந்தக் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.